ஏட்டையா பார்க்க வந்த கவாத்து

அது பட்டுப்போன மலை இல்லை மகளே. பஸ் ஆழியாறு தாண்டியதிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறேன். பச்சையாய் ஒரு மலை வந்தால் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் பிடிக்கிறீர்கள், சிரிக்கிறீர்கள். இந்த வளைவு திரும்பியதும் குச்சி குச்சியாய் நிற்கிற மலையைப் பார்த்து முகம் வாடி, "ஐயோ, தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன். தீயும் இல்லை, நோயும் இல்லை. அதற்குப் பேர் கவாத்து. தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் அது மரமாகி நம்மைக் குனிந்து பார்க்கும். அப்புறம் கொழுந்தை ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். அதனால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டி விடுவார்கள். பார்க்கச் செத்தது மாதிரி இருக்கும். மறுபடி துளிர்த்து வரும்போது வந்து படம் பிடியுங்கள்.

இந்தக் கவாத்து என்கிற ஒரு வார்த்தையால் என் மகன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. நீங்கள் கேட்டதனால் சொல்கிறேன். மற்றபடி நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

என் பேர் தங்கபுஷ்பம். பெரிய படிப்பெல்லாம் இல்லை. வேதப்புத்தகம் வாசிப்பேன், பாட்டுப்புத்தகம் வாசிப்பேன், பஸ்ஸின் போர்டு வாசிப்பேன். யார் காரியத்திலும் தலையிட மாட்டேன். அது எங்கள் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஏதாவது குறை என்றால் சாயந்தரம் முழங்கால் போட்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், அவ்வளவுதான். வாய்க்குள் முனகுகிற ஜெபம் எனக்கு வராது. எங்களுடையது லைன் வீடு. வரிசையாய் ஒட்டி ஒட்டிக் கட்டியது, ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அதற்கு நான் என்ன செய்ய?

ஒருதரம் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்து ஒழுகிக்கொண்டே கிடந்தது. மூன்றாவது வீட்டில்தான் குழாய் பார்க்கிற செல்லப்பா இருந்தார். நான் ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை. "ஆண்டவரே, செல்லப்பாவுடைய காலுக்குச் சுகம் கொடும், பாவம், மூணு வீடு தாண்டி நடக்க முடியாம இருக்காரே" என்று ஜெபம் மட்டும் பண்ணினேன். மறுநாள் விடிந்ததும் மனுஷன் ஸ்பேனரோடு வாசலில் நிற்கிறார். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆண்டவர் எவ்வளவு சீக்கிரம் சுகம் கொடுக்கிறார் பாருங்கள்!

எங்கள் வீட்டுக்காரர் தேவப்பிச்சைக்கு மட்டும் ஏனோ ஜெப நேரம் வந்தால் கோழிக்கூட்டு ஞாபகம் வந்துவிடும். எழுந்து போய்விடுவார். அவருக்காகவும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். மகன் கிதியோனுக்கு முப்பது தாண்டிவிட்டது. எங்கள் எஸ்டேட்டிலேயே சூப்பர்வைசர். தங்கமான பிள்ளை, பீடி சிகரெட் கிடையாது. ஆனால் பெண் கொடுக்க ஆள் இல்லை. கீழே இருக்கிறவர்களுக்கு இந்த மலை பார்க்கத்தான் பிடிக்கும், பெண்ணை அனுப்பப் பிடிக்காது. ஒரு வீட்டில், "சிறுத்தை வருமாமே?" என்றார்கள். இன்னொரு வீட்டில், "ஆறு மாசம் துணியே காயாதாமே?" என்றார்கள். நான் பொய் சொல்கிறவள் இல்லையே. "சிறுத்தை எப்பவாவதுதாங்க வரும். துணிதான் நீங்க சொல்றது சரி" என்றேன். அதோடு அந்தச் சம்பந்தமும் போயிற்று. கிதியோனும், "விடுங்கம்மா, நான் செடியோடயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா, அந்தச் சிரிப்பு எங்கே முடிகிறது என்று?

அப்போதுதான் எங்கள் சபை உபதேசியார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பேர் பியூலா. ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. அப்பா போலீஸ் ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாலமோன் என்று பேர், ஆனால் எல்லாருக்கும் ஏட்டையாதான். புதிதாய்ப் போலீசில் சேருகிற பையன்களுக்கு லெஃப்ட் ரைட் பழக்கிக் கொடுத்தவராம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எங்கேயும் அலைய மாட்டார். பியூலாவும் எங்கள் கிதியோனும் போனில் பேசிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. அதாவது, தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஏட்டையா ஒருநாள் போனில் என்னைக் கூப்பிட்டார். குரலே ஒரு கம்பீரம். நான் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.

"தம்பி காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பாப்ல?"

"இருட்டோட எந்திரிச்சிருவாங்கய்யா. விடிஞ்சதும் பெரட்டுக்கு நிக்கணும்லா."

காலையில் ஆட்கள் கூடி, பேர் கொடுத்து, வேலை பிரித்துக்கொள்கிற இடம் இருக்கிறதல்லவா, அதைப் பழைய ஆட்கள் நாங்கள் பெரட்டுக் களம் என்போம். இப்போது பிள்ளைகள் மஸ்டர் என்கிறார்கள். எனக்குப் பெரட்டுதான் வாயில் வரும்.

ஏட்டையா உஷாராகிவிட்டார். "பரேடா?" என்றார்.

"ஆமாங்கய்யா, பெரட்டு. மழையானாலும் பனியானாலும் பெரட்டு உண்டு. அது முடிஞ்சதும் கவாத்து. இந்த மாசம் பூராவும் கவாத்துதான்."

"கவாத்தா!" மனுஷனுக்குக் குரல் ஒரு முழம் உயர்ந்துவிட்டது. "தம்பிக்குக் கவாத்து தெரியுமா?"

"என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? கவாத்துல அவனை மிஞ்ச இந்த மலையில ஆள் கிடையாது. அவன் நின்னு பார்த்தான்னா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். ஒண்ணு ஏறாது, ஒண்ணு இறங்காது."

"எத்தனை பேர் தம்பிக்குக் கீழ?"

"நாப்பது பேருக்குக் குறையாதுங்க."

"கையில என்ன வச்சிருப்பாங்க?"

"முன்னயெல்லாம் கத்திதாங்கய்யா. இப்ப எல்லாம் மெஷின் குடுத்துட்டாங்க. தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் காட்டுக்குள்ள போவாங்க."

"மெஷினே குடுத்துட்டாங்களா!" என்று அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. "சரிதான், மிருகம் இருக்கிற காடு. வேணும், வேணும்."

"ஆமாங்கய்யா, அட்டையும் ரொம்ப உண்டு" என்றேன் நான்.

இதில் நான் எங்கே தவறாகப் பேசினேன் சொல்லுங்கள்? ஒவ்வொரு வார்த்தையும் உள்ளது உள்ளபடிதான். போலீசில் லெஃப்ட் ரைட் நடக்கிறதற்கும் கவாத்து என்றுதான் பேர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவருக்கு அது சோறு போட்ட கவாத்து. எங்களுக்கு இது சோறு போடுகிற கவாத்து.

மாதக் கடைசியில் வீடு பார்க்க வருகிறோம், பெண்ணும் கூட வரும், கவாத்தும் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். போனை வைத்த பிறகுதான் எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுப் படி இறங்கினால் எதிரே தேயிலைக்காடு. வீடு எப்படி என்று உபதேசியார் கேட்டபோது, "வாசல்ல நின்னா கண்ணுக்கெட்டுன மட்டும் பச்சைப்பசேல்னு இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். அந்தக் காட்டையும் இந்த வருடம் கவாத்து வெட்டப் போகிறார்கள். பெண் வருகிற நேரத்தில் வாசலில் குச்சியாய் நின்றால் எப்படி?

நான் கிதியோனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயந்தரம் ஜெபத்தில், "தகப்பனே, யார் யாருக்கோ மனசு இளகச் செய்கிறவரே, எங்க வாசல்ல இருக்கிற காட்டை மட்டும் கடைசியா வெட்டும்படிக்கு, அதற்குப் பொறுப்பா இருக்கிற ஒரு சூப்பர்வைசருடைய இருதயத்திலே பேசும்" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா, ஜெபத்துல எனக்கு வேலை சொல்லாதீங்க" என்றான் கிதியோன்.

"நான் உங்கிட்டயா பேசுனேன்?"

"எந்தக் காட்டை எப்ப வெட்டணும்னு மேல இருந்து வருதும்மா."

"அந்த மேல இருக்கிறவர்கிட்டதாண்டா நானும் பேசிட்டிருக்கேன்."

ஆனால் பாருங்கள், அந்த வருடம் ஆண்டவர் எனக்குச் செவிகொடுக்கவில்லை. முதல் முதலாய் வெட்டினதே எங்கள் வாசல் காட்டைத்தான். அதையும் என் மகனே நின்று வெட்ட வைத்தான்! இரண்டு நாளில் பச்சை எல்லாம் போய் நரைத்த குச்சிகளாய் நின்றது. நான் வாசல் பக்கம் முகம் காட்டாமல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வாரம் ஜெபம்கூடச் சின்னதாய்த்தான் பண்ணினேன். அந்த வாரம் முழுக்கக் கோழிக்கூட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து ஜெபித்தார். அது ஒன்றுதான் ஆறுதல்.

அவர்கள் வந்த அன்று சாயந்தரம் நல்ல மூடுபனி. நேரே உபதேசியார் வீட்டில் தங்கிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலம் பெரட்டுக் களத்துக்கு வருகிறார் ஏட்டையா. என்ன சொல்வேன் மகளே! கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, மீசையை முறுக்கி, கன்னத்தை மழித்து. பிரவுன் ஷூ அப்படிப் பளபளக்கிறது. அப்போது நானும் வேலையில் இருந்தேன். கூட நின்ற ராக்கம்மா என் விலாவில் இடித்து, "ஏக்கா, ஒங்க சம்பந்தியா? அந்த ஷூவுல முகம் பார்த்துப் பவுடர் போடலாம் போலருக்கே" என்றாள்.

களத்தில் எங்கள் ஆட்கள் எப்படி நிற்பார்கள்? தலையில் சாக்கு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், ஒருவர் டீ குடிக்கிறார், ஒருவர் அட்டைக்குப் புகையிலைத் தூள் காலில் தேய்க்கிறார், இரண்டு பேர் முந்தின நாள் சண்டையைத் தொடர்கிறார்கள். ஏட்டையா மூலையில் விறைப்பாய் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் கிதியோன் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எப்ப ஆரம்பிக்கும்?"

"என்னதுங்கய்யா?"

"பரேடு."

"இதுதாங்கய்யா பெரட்டு. முடிஞ்சிருச்சு."

"கமாண்டு யாரு குடுக்கிறது?"

கிதியோனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி, "கவாத்து ஆளுங்க எல்லாம் எட்டாம் நம்பர் காட்டுக்குக் கிளம்புங்கப்பா" என்றான். டீ குடித்தவர் கிளாசைக் கவிழ்த்தார். ஷெட்டைத் திறந்து ஆட்கள் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நீளக் கம்பி, முனையில் சுற்றுகிற வட்டக் கத்தி, பின்னால் பெட்ரோல் டப்பா. ஒருவன் சரிபார்க்கக் கயிற்றை இழுத்தான். டர்ர்ர் என்றது. ஏட்டையா இரண்டடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்கய்யா, அது செடியத்தான் வெட்டும்" என்றாள் ராக்கம்மா.

களமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காதுவரைக்கும் சிவந்துபோய்த் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்.

நான் ஓட்டமும் நடையுமாய் வீட்டுக்கு வந்தால், உபதேசியாரோடு முன்னமே வந்துவிட்ட பியூலா வாசல் காட்டு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வெட்டின செடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணுக்காலில் ஒரு அட்டை, நல்ல கொழுத்தது. "அம்மாடி, அட்டை!" என்று கத்தினேன். அவள் குனிந்து பார்த்தாள், நகத்தால் நிமிண்டி எடுத்தாள், தூரப் போட்டாள். "நான் ஒரு நாளைக்கு எடுக்கிற ரத்தத்துக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல அத்தை" என்றாள்.

அத்தை என்றாள், கவனித்தீர்களா? அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துவிட்டேன். இந்தப் பெண் போய்விட்டால் என் மகன் நிஜமாகவே செடியோடுதான் இருப்பான் என்று தோன்றிவிட்டது.

உள்ளே ஏட்டையா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. உபதேசியார் கூரையைப் பார்க்கிறார். பின்னாலேயே வந்த கிதியோன் கதவோரம் நிற்கிறான்.

"நாப்பது பேரு, கவாத்து, மெஷினுன்னு சொன்னீங்க" என்றார் ஏட்டையா. "நான் எஸ்டேட் பாதுகாப்புப் படைன்னு நெனச்சேன். எங்க தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாம சொல்லிட்டேன். மாப்பிள்ளை நம்ம லைனுதான், கவாத்து நடத்துற பையன்னு. இப்ப போயி செடி வெட்டுற பையன்னு எப்படிம்மா சொல்லுவேன்? வாசல்ல பச்சைன்னீங்க, அதுவும் எரிஞ்ச கொள்ளி மாதிரி கிடக்கு. பியூலா, பையை எடு. மத்தியான பஸ்ஸைப் பிடிப்போம்."

கிதியோன் தரையைப் பார்த்தான். பியூலா அசையாமல் நின்றாள்.

நான் என்ன செய்வேன்? நியாயம் பேசத் தெரியாதவள். "ஐயா, போறது போறீங்க, ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றேன். எந்தக் கிறிஸ்தவன் வேண்டாம் என்பான்? எழுந்தார்கள், கண்ணை மூடினார்கள். நான் ஆரம்பித்தேன்.

"தகப்பனே, ஸ்தோத்திரம். ஒரே வார்த்தையிலே ரெண்டு அர்த்தத்தை வச்சவர் நீர்தான். உம்மை நாங்க குறை சொல்லல. ஒரு மனுஷன் பச்சத் தண்ணிகூடக் குடிக்காம கோபமா இருக்கிறார், அவர் ரொம்ப நல்லவர், அந்த டீ ஆறுறதுக்குள்ள அவர் குடிக்கக் கிருபை செய்யும். நிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர் மனசும் உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும்..."

அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை. ஆமென் சொல்லவும் முடியவில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பினது பாருங்கள்! என்னைவிட ஒரு சுதி அதிகம்.

"ஆமாம் ஆண்டவரே" என்றாள் பியூலா. "எங்கப்பாவை நீர் அறிவீர். ரிட்டயர் ஆனதுல இருந்து தெருப்பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிறதைக்கூட வரிசையில நிக்க வைக்கிறவர். வீட்டுல செருப்பு ஒண்ணு கோணலா கிடந்தா அவருக்குச் சோறு இறங்காது."

"பியூலா..." என்றார் ஏட்டையா, கண்ணைத் திறக்காமலே.

"ஜெபம்ப்பா" என்றாள் அவள். மனுஷன் வாயை மூடிக்கொண்டார். ஜெபத்தின் நடுவில் எவன் பேசுவான்? "அப்படிப்பட்ட அப்பா, ஆண்டவரே, கோபத்துல இந்த வாசலை இன்னும் சரியா திரும்பிப் பார்க்கல. நான் பார்த்தேன். மலை எப்படி வளையுதோ அப்படியே செடியும் வளையுது. ஒரு செடி தலைதூக்கல. நாப்பது பேரு வெட்டுனது ஒரே ஆள் வெட்டுன மாதிரி இருக்கு. வெட்டுன கட்டையில சிவப்பா புள்ளி புள்ளியா முளை வந்திருக்கு. எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு, கதவோரம் நிக்கிறவரையும் பிடிச்சிருக்கு. அப்புறம் இன்னொரு விண்ணப்பம். இந்த வீட்டு அத்தை ஜெபம் அஞ்சு வீட்டுக்குக் கேக்குதுன்னு உபதேசியார் சொன்னார். வாரத்துல பாதி நாள் எனக்கும் ஜெபிக்க இடம் குடுக்கும்படி அத்தை மனசுல பேசும். ஆமென்."

ஜெபத்தில் நான் கண்ணைத் திறப்பதே இல்லை. ஆனாலும் ஏட்டையா ஒரு கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆமென் சொன்ன கையோடு வெளியே போனார். படியில் உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, துப்பாக்கி பிடிக்கிறவர் மாதிரி செடித் தலைகளை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். எழுந்து போய்க் கையை ஒரு செடியின் மேல் வைத்து, அப்படியே அடுத்த செடிக்கு, அதற்கடுத்த செடிக்கு இழுத்துக்கொண்டே போனார். பனி விலகிக்கொண்டிருந்தது. அந்தப் பளபளப்பு ஷூ முழுக்கச் செம்மண்.

திரும்பி வந்து கிதியோன் முன்னால் நின்றார். "மேட்டுலயும் பள்ளத்துலயும் வரிசை டிரெஸ்ஸிங் மாறாம எப்படிய்யா நிறுத்துன?"

"அளவுகுச்சி உண்டுங்கய்யா. ஆனா முக்கால்வாசி கண்ணுதான்."

"எனக்கு ரெண்டு கால் உள்ள பயலுகளையே இப்படி நிறுத்த ஆறு மாசம் ஆவும்" என்றார். உள்ளே போனார், ஆறிப்போன டீயை ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தார். "தெருவுல நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மாப்பிள்ளை கவாத்து நடத்துறவருதான். அதுல என்ன பொய்?"

இப்போது நினைத்துப் பாருங்கள் மகளே, நான் கேட்டபடி வாசல் காட்டை வெட்டாமல் விட்டிருந்தால் அந்த மனுஷன் கண்ணில் என்ன பட்டிருக்கும்? வெறும் பச்சைதானே? அதற்காகத்தான் ஆண்டவர் எனக்குச் செவிகொடுக்காமல் இருந்திருக்கிறார். அன்று ராத்திரி அவருக்கு மன்னிப்பும் கொடுத்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து, அந்தச் செடி துளிர்த்து, எத்தனையோ முறை கொழுந்தும் எடுத்தாகிவிட்டது. ஏட்டையா வரும்போதெல்லாம் பெரட்டுக் களத்துக்குப் போய்விடுவார். அவரைக் கண்டால் ராக்கம்மா சல்யூட் அடிப்பாள், அவரும் திருப்பி அடிப்பார். பியூலா எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நல்ல பெண். என்னைப் போலவே, அதிகம் பேச மாட்டாள். ஜெபம்தான். நேற்றுக்கூடப் போனில், "ஆண்டவரே, பொள்ளாச்சிக்கு மகளைப் பார்க்கப் போயிருக்கிற ஒருத்தர் பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்களை வழியெல்லாம் தூங்கவிடாம பேசி, தொண்டை கட்டிட்டு வராம இருக்கணும்" என்று ஜெபித்தாள். யாரைப் பற்றி ஜெபித்தாளோ தெரியவில்லை. நானும் நன்றாய் ஆமென் சொன்னேன்.

இதோ, அடுத்த வளைவில் நான் இறங்க வேண்டும். என்ன, அதற்குள்ளா என்கிறீர்களா? நீங்கள்தான் கேட்டுக்கொண்டே வந்தீர்கள், எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. இறங்கும் முன்னால் உங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிடுகிறேன். கண்ணை மூடுங்கள்.

"தகப்பனே, இந்தப் பிள்ளை நல்லபடியா மலையைச் சுத்திப் பார்க்கணும். வழியில எந்த மோசமும் வரக்கூடாது. பிள்ளைக்கு நல்ல புஜபலம் தந்திருக்கிறீர், ஸ்தோத்திரம். எனக்கோ வயசாச்சு. மேல பலகையில ஒரு கட்டைப்பை, சீட்டுக்கு அடியில ஒரு சாக்குப்பை, ரெண்டும் கனம். ஒருத்தியா எப்படி இறக்கப் போறேன்னு உமக்குத்தான் தெரியும். ஆமென்."

அடடா, எதற்கு மகளே எழுந்துவிட்டீர்கள்? இரண்டையுமா? பார்த்தீர்களா, நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை!